குளிர்காலம் உன்னுடையது

ஜெனீவா
11 மார்ச் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் இவெட்டும் சுகம். அவளுடைய மார்ச்சளி ஒருவழியாக விட்டது. உன் இரத்த அழுத்தம் இப்போது எப்படி? அத்தான் காஸ்பார் இன்னும் உனக்குத் தெரியாமல்தான் உப்புப் போட்டுச் சாப்பிடுகிறாரா?

வழக்கம்போல வெர்னாஸ் வீட்டைப் பற்றி எழுதிவிடுகிறேன். புகைபோக்கியைச் சுத்தம் செய்தாயிற்று. விறகு பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது. ஜூன் மாதக் குளிருக்கு உங்களுக்கு அது போதும். குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டேன். எலித் தொல்லை இல்லை.

இவெட்டுக்கு உடம்பு சரியில்லாததால் நான் மட்டும் தனியாகத்தான் போயிருந்தேன். நான்கு நாள் முன்னதாகவே திரும்பியும் விட்டேன். பனி ஏராளம், ஆனால் சறுக்குவதற்கு லாயக்கில்லாத பனி. முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. சாவியை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், பத்திரம்.

கடையில் வேலை அதிகம். ஜெனீவாக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் கண் மங்கிவிட்டதுபோல மூக்குக் கண்ணாடி கேட்டு வருகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
ரெஜிஸ்

*

லோசான்
20 மார்ச் 1974

அன்புள்ள ரெஜிஸ்,

இங்கே அழுத்தம் ஒரு நாள் ஏறுகிறது, ஒரு நாள் இறங்குகிறது. அத்தான் உப்பையும் விடவில்லை, பொய்யையும் விடவில்லை. உன் முழங்காலை டாக்டரிடம் காட்டு. நாற்பத்தெட்டு வயதில் இருபத்தைந்து மாதிரி மலையேறினால் அது என்ன செய்யும்?

சாவி வந்து சேர்ந்தது. உறையைக் கிழித்துக்கொண்டு தனியாக வந்தது. தபால்காரர் கையில் எடுத்துக் கொடுத்தார். அப்பா போனபிறகு கோடை எனக்கு, குளிர்காலம் உனக்கு என்று பிரித்துக்கொண்டு பதினேழு வருடமாகிறது. ஒரே கூரைக்கடியில் மூன்றாம் நாள் நாம் சண்டை போடுவோம் என்பதால் செய்துகொண்ட ஏற்பாடு. அன்றிலிருந்து சாவி பக்கத்து வீட்டு லியோனியின் அடுப்பங்கரை ஆணியில்தானே தொங்கும்? ஜெனீவா வரை எதற்காக அதைக் கொண்டுபோனாய்?

இன்னொன்று. நீ வெர்னாஸ் பற்றி எழுதினால் அதில் பாதி லியோனியின் புருஷன் ஆன்செல்மைப் பற்றித்தான் இருக்கும். அவன் உன்னைத் திட்டியது, நீ அவனைத் திட்டியது, இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து சீட்டாட்டத்தில் பாதிரியாரை ஏமாற்றியது. இந்தத் தடவை அவன் பெயரே இல்லை. ஏதாவது மனஸ்தாபமா?

உன் வீட்டுக்காரி இவெட்டுக்கு என் அன்பைச் சொல்.

அக்கா
ஒதீல்

*

ஜெனீவா
14 ஏப்ரல் 1974

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். இருவரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலம்.

சாவி விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். ஆன்செல்ம் எப்போதும்போலத்தான்.

ஒரு யோசனை. வருடா வருடம் ஜூலையில் அதே மலை, அதே புல், அதே மாடு. இந்தக் கோடைக்கு ஒரு மாற்றமாகக் கடற்கரைப் பக்கம் போய்வரலாமே? இரத்த அழுத்தத்துக்குக் கடற்காற்று நல்லது என்கிறார்கள். வேண்டுமானால் இடம் நானே விசாரித்துச் சொல்கிறேன்.

ரெஜிஸ்

*

வெர்னாஸ்
30 ஜூன் 1974

அன்புள்ள ரெஜிஸ்,

நாங்கள் இருவரும் சுகமாக வந்து சேர்ந்தோம். நீ சுகமா என்று கேட்பதற்கு முன்னால் நான் கண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

கதவைத் திறந்தால் அழுகல் நாற்றம். உன் பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கிறது. சவரத் தூரிகை கிண்ணத்தில் காய்ந்து ஒட்டிக்கிடக்கிறது. மேஜைமேல் பாதி குடித்த காப்பி. பக்கத்தில் ரொட்டி, பச்சைப் பூஞ்சையோடு. குழாய் வெடித்துச் சமையலறைத் தளத்தின் பலகைகள் எல்லாம் மேலே எழும்பி நிற்கின்றன. தண்ணீரை வடித்துவிட்டேன் என்று நீ எழுதிய கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து இன்னொரு முறை படித்தேன். போகட்டும், பலகைதானே. தச்சரை வரச்சொல்லியிருக்கிறேன்.

ஆன்செல்முக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான், எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் போனபிறகுதான் எனக்குத் தெரிந்தது. லியோனி உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வாங்க மேடம். பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்றாள். முப்பது வருடமாக என்னை 'வாடி ஒதீல்' என்று கூப்பிட்டவள்.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். "பிப்ரவரில பனி சரிஞ்சுது. கால் பாறைக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. அவ்வளவுதான் மேடம்," என்றாள். பால் வேண்டுமா என்று கேட்டு, ஒரு குவளை கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

புல் அறுக்க அவளுடைய தங்கை புருஷன் கீழ் ஊரிலிருந்து வருகிறான். வாருவதற்கு நானும் அத்தானும் போனோம். நீங்க விடுமுறைக்கு வந்தவங்க, ஓய்வெடுங்க என்று லியோனி எங்கள் கையிலிருந்த வாருகோலை வாங்கிக்கொண்டாள். பதினேழு வருடமும் எங்களை விடாமல் வேலை வாங்கியவள் அவள்.

நீ பிப்ரவரியில் இங்கேதானே இருந்தாய்? ஆன்செல்ம் எப்போதும்போலத்தான் என்று எனக்கு எழுதினாயே.

அக்கா

*

ஜெனீவா
12 ஜூலை 1974

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. நீ நலமாகச் சேர்ந்ததில் நிம்மதி. எனக்குச் சில நாளாகத் தூக்கம் சரியில்லை, மற்றபடி நலம்.

ஆன்செல்ம் விஷயம் எனக்கும் தெரியும். ஈஸ்டர் சமயத்தில் உங்களைக் கலங்க வைக்கவேண்டாமே என்றுதான் எழுதவில்லை. ஊர் மீட்புக்குழுவுக்கு அவன்தான் தலைவன். பனியில் யாராவது மாட்டிக்கொண்டால் முதலில் கயிறெடுத்துக்கொண்டு ஓடுகிறவன். அந்த வேலையில் இப்படி நேர்வது உண்டு என்று அவனே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்.

செயற்கைக் கால் பொருத்துவதில் கெட்டிக்காரரான ஒரு டாக்டர் இங்கே என் வாடிக்கையாளர். ஆன்செல்ம் ஒத்துக்கொண்டால் ஏற்பாடு செய்கிறேன். நீயே மெதுவாகக் கேட்டுப்பார். நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம்.

பெட்டியை விட்டுவந்தது என் மறதி. குழாயும் அப்படித்தான். தச்சருக்கு ஆவதை நான் அனுப்புகிறேன். இவெட்டிடம் எதையும் தொலைபேசியில் சொல்லிவிடாதே. அவள் பயந்த சுபாவம்.

ரெஜிஸ்

*

வெர்னாஸ்
2 ஆகஸ்ட் 1974

ரெஜிஸ்,

நாங்கள் நலம்.

நேற்றுத் தேசிய நாள். மேட்டில் வழக்கம்போல விறகடுக்கித் தீ மூட்டினார்கள். கோடைக்கு வந்த கூட்டம் நிறைய. எங்கள் பெஞ்சில் மட்டும் இரண்டு பக்கமும் இடம் காலியாகவே இருந்தது. அத்தான் தொத்திறைச்சி வாங்கப் போனார், வரிசை விலகி அவருக்கு வழி விட்டது. மரியாதைக்காக அல்ல.

இன்று காலை ரொட்டிக்கடையில் செலஸ்தேனிடம் நேராகவே கேட்டேன். அவனும் மீட்புக்குழுவில் இருக்கிறவன். கடையில் வேறு யாருமில்லை. பிப்ரவரியில் யாரைத் தேடிப் போனீர்கள் என்றேன். அவன் ரொட்டிகளை அடுக்கிக்கொண்டே பேசினான்.

"உங்க வீட்டு ஆளைத்தான்."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏழு பேர் போனோம், பதினாலு காலோட. பதிமூணோட வந்தோம். எத்தனை ரொட்டி வேணும்?"

வாங்காமலே வந்துவிட்டேன். அத்தானிடம் சொன்னபோது அவரும் சாப்பிடவில்லை. ஒரு மாதமாக இந்த ஊரில் பால் குடித்திருக்கிறோம், காட்டில் ஸ்ட்ராபெர்ரி பறித்திருக்கிறோம், லியோனியின் வேலிக்கு இந்தப் பக்கம் சாய்வு நாற்காலியில் படுத்து வெயில் காய்ந்திருக்கிறோம். இதையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

டாக்டர் விஷயத்தை நான் கேட்கமாட்டேன். என்ன நடந்தது என்று எழுது.

ஒதீல்

*

ஜெனீவா
23 ஆகஸ்ட் 1974

அன்புள்ள அக்கா,

மூன்று வாரமாக ஆறு கடிதம் எழுதிக் கிழித்தேன். அத்தானும் நீயும் நலமா?

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி காலை கணவாய்ப் பாதையின் தொடக்கத்தில் ஆன்செல்ம் சிவப்புக் கொடி கட்டினான். நான் பனிச்சறுக்குப் பலகைகளுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். "இன்னிக்கு அந்தப் பக்கம் போகாதே. பனி இன்னும் உள்ள உக்காரல," என்றான். "நீ என்ன, உள்ள போயா பாத்தே?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுத் தொழுவத்துக்குப் போனான். அவன் தலை மறைந்ததும் நான் கிளம்பினேன். கணவாய் தாண்டி அந்தப் பக்கத்து ஊரான லா கோம்பாவில் இறங்கி, மாலை பஸ்ஸில் சுற்றிக்கொண்டு வந்து அவன் முன்னால் போய் நிற்கவேண்டும் என்று ஆசை. அவ்வளவு சின்ன ஆசை.

லா கோம்பாவுக்கு நல்லபடியாகவே இறங்கினேன். ஆனால் அதற்குள் காற்றும் பனியும் கொட்டத் தொடங்கிவிட்டன. பஸ் நின்றுவிட்டது. விடுதியில் டெலிபோன் லைன் அறுந்துகிடந்தது. எவ்வளவோ முயன்றேன். வேறு வழியில்லாமல் அங்கேயே தங்கினேன்.

நம் வீட்டில் புகை வரவில்லை என்பதை லியோனிதான் கவனித்தாளாம். நாலரை மணிக்கு ஏழு பேரும் கிளம்பியிருக்கிறார்கள். மறுநாள் காலை முதல் பஸ் வந்தபோது டிரைவர் விடுதியில் எல்லாருக்கும் சொன்னார்: வெர்னாஸ்காரன் ஒருத்தனுக்குக் கால் போய்விட்டதாம், யாரையோ தேடிப் போனானாம் என்று. நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அந்த பஸ்ஸிலேயே ஏறினேன். வெர்னாஸ் திருப்பத்தில் அது நின்றது. நான் இறங்கவில்லை. ரயில் நிலையம்வரை போய்விட்டேன்.

இதுதான் நடந்தது. லைன் மட்டும் இருந்திருந்தால்.

ரெஜிஸ்

*

வெர்னாஸ்
29 ஆகஸ்ட் 1974

ரெஜிஸ்,

நேற்று நானும் அத்தானும் கணவாய் தாண்டி லா கோம்பாவுக்கு நடந்தோம். கோடையில் ஐந்து மணி நேரம். பாதை முழுக்கப் பூ. எந்த இடத்தில் சரிந்தது என்று யாரும் காட்டவேண்டியிருக்கவில்லை. அங்கே ஒரு மரமும் இல்லை.

விடுதியில் சாப்பிட்டோம். டெலிபோன் மாடிப்படிக்குக் கீழே, ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கிறது. போன குளிர்காலத்துப் புயலில் லைன் அறுந்ததாமே என்று விடுதிக்கார அம்மாளைக் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"இந்த வீட்டுக் கூரை போனாலும் போகும், டெலிபோன் போகாது. அன்னிக்கு சாயந்திரம் வந்தவங்க அத்தனை பேரும் வீட்டுக்குப் பேசினாங்களே. படிவரைக்கும் வரிசை."

இதோ, லோசானுக்குக் கிளம்பிவிட்டோம். தளம் சரியாகிவிட்டது. குழாயும் புதிது. சாவியை லியோனியிடம் கொடுக்கப் போனேன். அவள் கையில் வாங்கவில்லை, ஆணியைக் காட்டினாள். நானே மாட்டிவிட்டு வந்தேன். ஏற்பாட்டின்படி குளிர்காலம் உன்னுடையது. வேண்டுமென்றால் அங்கே போய்க் கேட்டு வாங்கிக்கொள்.

உன் முழங்காலைப் பற்றி இந்தத் தடவை விசாரிக்கவில்லை.

ஒதீல்

*

ஜெனீவா
3 நவம்பர் 1974

அன்புள்ள அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

லைன் அறுந்திருக்கவில்லை.

நான் விடுதிக்குள் நுழைந்தபோது மணி மூன்றே முக்கால். மரப்பெட்டிக்கு முன்னால் ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள். எனக்குக் கை விறைத்திருந்தது. பசி. வரிசை குறையட்டும், அதற்குள் ஒரு சூப் குடித்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். பட்டாணி சூப். பிறகு ரொட்டியும் சீஸும் கேட்டேன். பிறகு கொஞ்சம் சிவப்பு வைன்.

நாலேகால் ஆனபோது வரிசை கலைந்துவிட்டது. போன் சும்மா இருந்தது, அக்கா. என் நாற்காலியிலிருந்து எட்டடி. எழுந்துகூட நின்றேன். அப்போது ஆன்செல்மின் குரல் காதில் கேட்டது: சொன்னேனே, கேட்டியா? பஸ்ஸுக்கு வழியில்லாம அங்கயே தங்கிட்டியா? ஒரு மாதத்துக்கு ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். காலையில் நேரில் போய் நின்று ஒரேயடியாகத் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உட்கார்ந்தேன். இன்னொரு குவளை கேட்டேன்.

என்னை யாராவது தேடுவார்கள் என்று தோன்றவே இல்லை என்று எழுத ஆசைதான். தோன்றியது. ஒரே ஒரு தடவை. அந்த நினைப்பைத் தள்ளிவைத்தேன்.

எட்டு மாதமாகக் கடையில் ஆட்களின் கண்ணைச் சோதிக்கிறேன். எழுத்துப் பலகையில் எது தெரிகிறது என்று கேட்கிறேன். அவர்கள் வாசிப்பது எனக்குக் காதில் விழுவதில்லை.

இவெட்டுக்கு இன்னும் தெரியாது. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

ரெஜிஸ்

*

லோசான்
10 நவம்பர் 1974

ரெஜிஸ்,

எனக்கு எதற்கு எழுதுகிறாய்? எனக்கு இரண்டு காலும் இருக்கின்றன.

உன்னைத் திட்டுவதற்கு நான் யோக்கியமில்லை. லா கோம்பாவிலிருந்து திரும்பி வந்தபோது லியோனி கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். "அலைச்சலா மேடம்?" என்றாள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கிளம்பும்வரை அவள் வாசலில் தெரிந்தபோதெல்லாம் கூடையை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போனேன், ஏதோ பழம் பறிக்கப் போகிறவள்போல. தம்பிக்கேற்ற அக்கா.

அத்தான் உன்னை விசாரித்தார். முன்பெல்லாம் உன்னைக் கேலி செய்துதான் விசாரிப்பார். இப்போது மெதுவாக விசாரிக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பனி விழுவதற்குள் முடிவு செய்.

ஒதீல்

*

வெர்னாஸ்
30 டிசம்பர் 1974

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் நலமாக இருக்கவேண்டும். வரும் வருடம் உங்களுக்கு நல்லதாக அமையவேண்டும். நான் உடம்பால் நலம்.

இவெட்டிடம் சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் என் பெட்டியில் கனத்த காலுறை எடுத்து வைத்திருந்தாள்.

இருபத்தாறாம் தேதி மத்தியானம் இங்கே வந்தேன். லியோனி கதவைத் திறந்தாள். சாவிக்கு வந்தீர்களா என்றாள். ஆன்செல்மைப் பார்க்கவேண்டும் என்றேன். கதவிலிருந்து விலகி வழிவிட்டாள்.

அவன் அடுப்பருகே உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான். கால்சட்டையின் இடது காலை மடித்து ஊசி குத்தியிருந்தது. உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே உனக்கு எழுதியது அத்தனையும் சொன்னேன். மூன்றே முக்கால், வரிசை, சூப், நாலேகால், சும்மா இருந்த போன், இரண்டாவது குவளை. எதையும் விடவில்லை.

கத்தியைக் கீழே வைத்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன், அக்கா. சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"கிளம்புறதுக்கு முன்னால அந்த விடுதிக்கு ரெண்டு தடவை அடிச்சேன்," என்றான். "கிடைக்கல. புயல்ல லைன் அறுந்துடுச்சு, பாவம் அவன் என்ன பண்ணுவான்னு நான்தான் ஊருக்கெல்லாம் சொன்னேன். ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டுச் சொன்னேன். இவ உன்னைச் சபிச்சப்போ, இவகிட்டயும் அதையேதான் சொன்னேன்."

லியோனி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அந்த ஒண்ணைத்தான் வெச்சுக்கிட்டிருந்தேன், ரெஜிஸ். அதையும் எடுத்துட்டே."

நான் சொன்ன பொய்யை எனக்கு முன்பே எனக்காக அவன் நம்பியிருக்கிறான். அதை உனக்கு எழுதும்போது அது என் புத்தியில் உதித்தது என்று நினைத்திருந்தேன்.

போகலாமா என்று கேட்டேன். கிழங்கை மறுபடி எடுத்தான். "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் மத்த ஆறு பேரும் கஃபேல இருப்பாங்க. நீயே வந்து சொல்லு. நான் சொன்னதை நானே போய்த் திருப்பி வாங்க மாட்டேன்."

மூன்று நாள் வீட்டிலேயே இருந்தேன். பனிச்சறுக்கு ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஜன்னலுக்கு வெளியே சிரித்துக்கொண்டு போனார்கள். நான் பலகையைத் தொடவில்லை. கிளம்பி ஓடிவிடத்தான் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு தடவை பெட்டியைக்கூடக் கட்டினேன்.

நேற்று ஞாயிறு. பூசையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் எதிரே கஃபேக்குப் போனேன். நீள மேஜையில் ஆறு பேரும் இருந்தார்கள், சுவரோரமாக ஆன்செல்ம். அவன் ஊன்றுகோலைக் கதவோரம் சாத்தியிருந்தார்கள். நான் உட்காராமலே சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

செலஸ்தேன்தான் முதலில் எழுந்தான். தன் குவளையை நகர்த்திவைத்துவிட்டு, என் தோளில் இடிக்காமல் கவனமாக ஒதுங்கிப் போனான். ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியாகப் போனவன் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

ஆன்செல்மால் அவர்களோடு எழுந்து போக முடியவில்லை.

"கோலை எடு," என்றான். எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, மிச்ச வைனை மெதுவாகக் குடித்து முடித்தான். நான் நின்றுகொண்டிருந்தேன். பிறகு மேஜையைப் பிடித்துத் தானே எழுந்தான். என் கையை நீட்டினேன். அதைப் பார்க்காததுபோல வெளியே வந்தான்.

கோவில் இறக்கம் முழுக்க இறுகிய பனி, கண்ணாடி மாதிரி. அவன் படியில் நின்று அதையே பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"நீ முன்னால நட," என்றான். "நீ எங்கெங்க வழுக்கி விழறியோ, அங்க நான் கோலை ஊன்றாம வர்றேன்."

சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவன் சிரிக்கவில்லை. வீட்டு வாசல்வரை முன்னால் நடந்தேன், அக்கா. நான்கு தடவை விழுந்தேன்.

உன் தம்பி
ரெஜிஸ்